பசுமை ஆற்றல் துறைக்கு எந்தப் பட்டம் உழைக்கும்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் கல்விக் கண்காட்சிகள் களைகட்டிவிடும். மண்டபம் முழுக்க மேசை, மேசைக்கு மேசை கையேடு, துணிப்பை, பேனா. அண்மைக் காலமாக அந்தக் கையேடுகளில் ‘பசுமை’, ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்ற சொற்கள் பெருகிவிட்டன. பிள்ளைக்குச் சூரிய மின்சக்தியில் ஆசை. பெற்றோருக்கு, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்ற கவலை. இரண்டுக்கும் நடுவில் நின்று, மேசையில் விற்கப்படும் பட்டங்களைத் திறந்து பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. மின்சாரத்திலும் செம்பனை ஆலையிலும் வேலை செய்யும் பொறியாளர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். ஒரு தோட்டப்புறக் குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்தபடியாக விலை கூடிய பொருள் நான்காண்டுப் பட்டம்தான். பழைய கார் வாங்கும்போதே பானெட்டைத் திறந்து, எண்ணெய் கசிகிறதா என்று குனிந்து பார்த்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணுகிறோம். பட்டத்துக்கும் அதே கவனம் வேண்டும்.

முதலில் அட்டைப் படம். கடலோரத்தில் ராட்சதக் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் படம் போட்டிருந்தால், உள்ளே காற்றாற்றலுக்கு எத்தனை பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய காற்றாலை சுழலத் தொடங்கவே நொடிக்கு 3 முதல் 4 மீட்டர் வேகத்தில் காற்று அடிக்க வேண்டும். தீபகற்பத்தின் உட்பகுதியில் சராசரிக் காற்று அந்த வேகத்தையே எட்டுவதில்லை. காற்றாலை படிப்பது தவறில்லை. ஆனால் அதையே முதுகெலும்பாக வைத்த பாடத்திட்டத்தை, இங்கே வேலை தேடப் போகிற பிள்ளைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வேலை எங்கே இருக்கிறது என்று தெரிய வெகுதூரம் போக வேண்டாம். பேராக் ஆற்றில் சென்டரோ அணை 1930 முதல் மின்சாரம் தருகிறது. அதே ஆற்றின் மேற்பகுதியில் தெமெங்கோர் அணையின் மின்நிலையம் 348 மெகாவாட். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், அவற்றின் ஆலைகள், ஆலைக் கழிவுநீர்க் குளங்கள். கடைவரிசைக் கூரைகளிலும் தொழிற்சாலைக் கூரைகளிலும் சோலார் பேனல்கள். 2023இல் வெளியான தேசிய ஆற்றல் மாற்றத் திட்டவரைவு, 2050க்குள் மின்உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்ற இலக்கை ஏற்றது. நாட்டின் மின்சார நிறுவனமான டி.என்.பி.யின் அணை நீர்த்தேக்கங்களில் 2,500 மெகாவாட் மிதக்கும் சோலார் அமைக்கும் எண்ணமும் அதில் உண்டு. ஆக, துறைக்கு வளர்ச்சி இருக்கிறது. அந்த வேலைகளை எந்தப் பட்டக்காரர் செய்கிறார் என்பதுதான் கேள்வி.

எங்கள் முதல் தேர்வு மின்பொறியியல். அதிலும் மின்சக்திப் பாடங்கள் கனமாக உள்ள மின்பொறியியல். ‘மின், மின்னணுப் பொறியியல்’ என்ற பெயரில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இது கிடைக்கும். காஜாங்கில் உள்ள தெனாகா நேஷனல் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் மின்சக்திப் பொறியியல் என்றே தனிப் பட்டம் உண்டு. பெயரில் பசுமை இல்லையே என்று பிள்ளை முகம் சுளிக்கலாம். அதற்கு ஒரே ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்கிறோம்.

ஒரு மர ஆலை என்று வையுங்கள். மோட்டார்கள் நிறைந்த இடம். மாதம் 30,000 யூனிட் மின்சாரம் எடுக்கிறது. மோட்டார்களுக்குக் காந்தப்புலம் உண்டாக்கத் தேவைப்படும் எதிர்வினை மின்சாரம் தனிக் கணக்கு. அது மாதம் 14,500 கிலோவார்-மணி. இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் பவர் ஃபேக்டர், அதாவது எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்று காட்டும் திறன் காரணி, 0.90 வரும். டி.என்.பி. விதிப்படி இத்தகைய வாடிக்கையாளருக்கு 0.85க்குக் குறையாமல் இருந்தால் அபராதம் இல்லை. முதலாளி கூரையில் 85 கிலோவாட் அளவில் சோலார் போடுகிறார். மாதம் 9,000 யூனிட் கூரையிலிருந்தே வருகிறது. மீட்டரில் விழும் யூனிட் 21,000ஆகக் குறைகிறது. நல்ல செய்திதான். ஆனால் பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வர்ட்டர் வழக்கமாக உண்மை மின்சாரத்தை மட்டுமே தரும்படி வைக்கப்பட்டிருக்கும். எதிர்வினைப் பங்கு அப்படியே 14,500இல் நிற்கிறது. இப்போது திறன் காரணி 0.82. 0.85க்குக் கீழே ஒவ்வொரு 0.01க்கும் பில்லில் 1.5 விழுக்காடு கூடுதல், 0.75க்கும் கீழே போனால் ஒவ்வொரு 0.01க்கும் 3 விழுக்காடு. ஆக இந்த ஆலைக்கு மாதாமாதம் 4.5 விழுக்காடு தண்டம். மின்சாரம் மிச்சமாகியும் அபராதக் கடிதம் வருகிறதே என்று முதலாளி குழம்புவார். சோலார் கருவியில் பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவார். கருவியில் பழுதே இருக்காது.

மருந்து எளிது. எதிர்வினை மின்சாரத்தை ஆலைக்குள்ளேயே தரும் கெப்பாசிட்டர் பெட்டியின் அளவைக் கூட்டலாம், அல்லது இன்வர்ட்டரையே கொஞ்சம் எதிர்வினைத் திறன் தரச் சொல்லலாம். ஆனால் கெப்பாசிட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால், இன்வர்ட்டரும் மோட்டார் டிரைவும் உண்டாக்கும் ஹார்மோனிக்ஸ் என்னும் மின்னலைச் சிதைவோடு அது ஒத்ததிர்ந்து சூடேறி வெடிக்கும் அபாயமும் உண்டு. இதைக் கையாளத் தேவையானவை: மின்சுற்றுக் கோட்பாடு, மின்இயந்திரங்கள், மின்சக்தி மின்னணுவியல், மின்கட்டமைப்புப் பகுப்பாய்வு. நான்கும் சாதாரண மின்பொறியியல் பட்டத்தின் நடுப்பாடங்கள். ‘சோலார் தொழில்நுட்பம்’ என்று மட்டும் படித்து வந்தவருக்குப் பேனலைத் தெரியும். அந்தப் பேனல் போய்ச் சேரும் கட்டமைப்பு தெரியாது.

பேனல் கணக்கிலும் அடிப்படைதான் காப்பாற்றுகிறது. 550 வாட் பேனலின் திறந்தசுற்று மின்னழுத்தம், அதாவது மின்சாரம் எடுக்காதபோது உள்ள அழுத்தம், சுமார் 50 வோல்ட். இன்வர்ட்டர் தாங்குவது 1,100 வோல்ட். 22 பேனலை வரிசையாக இணைத்தால் சரியாக 1,100 என்று மனக்கணக்கு சொல்லும். அங்கேதான் சறுக்கல். அந்த 50 வோல்ட், பேனல் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. ஒவ்வொரு பாகை குளிருக்கும் 0.27 விழுக்காடு அளவில் அது ஏறும். மழை விட்ட விடியலில் பேனல் 22 பாகையில் இருந்தால் வரிசை 1,109 வோல்ட். கேமரன் மலையில் 15 பாகை என்றால் 1,130. இன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளும், அல்லது உள்ளே இருக்கும் பாகம் போய்விடும், உத்தரவாதமும் செல்லாது. 21 பேனல்தான் சரி. நண்பகலில் நிலைமை தலைகீழ். தகரக் கூரை மீது பேனல் 65 பாகைக்குப் போகும்போது, பாகைக்கு 0.35 விழுக்காடு வீதம் 14 விழுக்காடு திறன் இறங்கி, 550 வாட் பேனல் 470 வாட் சொச்சம்தான் தரும். மூன்றாம் ஆண்டு மாணவர் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்ட முடியாவிட்டால் பாடத்திட்டத்தில் ஓட்டை இருக்கிறது.

மின்பொறியியலிலும் ஒரு பொறி உண்டு. அதே பெயரில் சில இடங்களில் தொலைத்தொடர்பு, சில்லு வடிவமைப்பு, கணினிப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடப் பட்டியலைக் கேளுங்கள். மின்கட்டமைப்புப் பகுப்பாய்வு, மின்சக்தி மின்னணுவியல், பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வைக்கும் பாதுகாப்பு ரிலே, உயர்மின்னழுத்தம் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ‘விருப்பப்பாடம்’ என்று போட்டிருந்தால், கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பாடம் உண்மையில் நடந்ததா என்று கேட்பது முக்கியம். போதிய மாணவர் சேரவில்லை என்று விருப்பப்பாடங்களை நிறுத்திவிடுவது சாதாரணமாக நடப்பது.

இனி, ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்றே பெயர் தாங்கிய பட்டங்கள். இவற்றில் நல்லவை இல்லாமல் இல்லை. சூரியன், உயிர்ப்பொருள், நீர், ஆற்றல் சேமிப்பு என்று எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுவதால் மாணவருக்கு ஆர்வம் குன்றாது. குறை ஆழத்தில். நான்கு ஆண்டில் எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் இடுப்பளவு ஆழம்கூடக் கிடைக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நாட்டில் சோலார் திட்டங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வடிவம் மாறுகின்றன. 2011 டிசம்பரில் உற்பத்திக் கட்டணத் திட்டம், 2016இல் நெம் எனப்படும் நிகர மின்அளவீட்டுத் திட்டம், 2021இல் நெம் 3.0, அது 2025 ஜூன் இறுதியோடு முடிந்து, 2026 தொடக்கத்திலிருந்து அதற்குப் பதிலாக சோலார் அதாப் என்னும் கூரைச் சோலார் திட்டம். ஒரு திட்டத்தின் விதிகளைச் சுற்றிக் கட்டிய பாடம், மாணவர் பட்டம் வாங்குவதற்குள் பழசாகிவிடும். ஓமின் விதி பழசாகாது. எங்கள் தீர்ப்பு இது: பெயர்ப் பட்டம் வேண்டுமென்றால் அதை முதுகலையில் எடுங்கள். இளங்கலையில் அடிப்படைத் துறை ஒன்றைப் பிடியுங்கள்.

புலத்தின் பெயருக்கும் பட்டத்தின் பெயருக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் பொறியியல், பசுமைத் தொழில்நுட்பப் புலம் என்றே ஒரு புலம் இயங்குகிறது. ஆனால் வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது சான்றிதழில் அச்சிட்ட பட்டத்தின் பெயரை. புலத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மின்பொறியியல்தான் எல்லாருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனி அனுகூலம் உண்டு: செம்பனை ஆலையின் வாசனையிலேயே வளர்ந்தவர்கள். அங்கே கிடக்கும் ஆற்றலின் அளவு பலருக்குத் தெரியாது. மணிக்கு 45 டன் பழக்குலை அரைக்கும் ஆலை, நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 900 டன். டன்னுக்கு சுமார் 0.65 கன மீட்டர் கழிவுநீர், அதாவது 585 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து 28 கன மீட்டர் அளவுக்கு பயோகேஸ் எடுக்கலாம். நாளுக்கு 16,000 கன மீட்டருக்கு மேல். அதில் 60 விழுக்காடு மீத்தேன். மீத்தேன் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் தரும். கேஸ் எஞ்சின் அதில் 38 விழுக்காட்டை மின்சாரமாக்கினால், இரவு பகலாக 1.5 மெகாவாட். சூரியன் மறைந்தாலும் நிற்காத மின்சாரம் இது. 2014 முதல் புதிய ஆலைகள் மீத்தேனைப் பிடிக்கும் வசதியோடுதான் கட்டப்பட வேண்டும் என்று விதியே இருக்கிறது.

இந்த வேலைக்கு இயந்திரப் பொறியியலும் இரசாயனப் பொறியியலும்தான் சாவி. என்ன கெடும் என்று பார்த்தால் ஏன் என்று புரியும். ஆலையிலிருந்து கழிவுநீர் 80 பாகைச் சூட்டில் வருகிறது. அப்படியே தொட்டிக்குள் விட்டால் நுண்ணுயிர் செத்துவிடும். தொட்டியின் வகையைப் பொறுத்து 38 பாகைக்கோ 55 பாகைக்கோ ஆற வைக்க வேண்டும். அறுவடை உச்சத்தில் அவசரப்பட்டு அதிகமாக ஊற்றினால் தொட்டி புளித்து, அமிலத்தன்மை ஏறி, கேஸ் வருவது நின்றுபோகும். மீண்டும் நிலைப்பட வாரக்கணக்கில் ஆகும். பழம் குறைந்த மாதங்களில் நுண்ணுயிர் பட்டினி. கேஸில் ஹைட்ரஜன் சல்ஃபைட் பத்து லட்சத்தில் 2,000 பங்குக்கு மேலும் இருக்கும். எஞ்சின் தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதை நீக்கும் ஸ்க்ரப்பர் சரியாக ஓடாவிட்டால் எஞ்சின் எண்ணெய் அமிலமாகி, பேரிங்கைத் தின்னத் தொடங்கும். எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. காரணம் தொட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பவர் இரசாயனப் பொறியாளர்.

பாய்லர், டர்பைன் பக்கம் போக விரும்பும் பிள்ளைக்கு இயந்திரப் பொறியியல். ஆலையில் மேலே ஏற நீராவிப் பொறியாளர் சான்றிதழ் தேவைப்படும். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை நடத்தும் தேர்வு அது. இரண்டாம் தரம், பிறகு முதல் தரம். பட்டத்தோடு இதையும் வைத்திருப்பவரை ஆலை நிர்வாகங்கள் கைவிடுவதில்லை. ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம், நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் ஆகிய இரண்டிலும் மின், இயந்திர, இரசாயனப் பொறியியல் மூன்றும் உண்டு. வடக்கே பீடோங் அருகில் செமெலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் சமூகத்தின் முயற்சியில் 2001இல் எழுந்தது. எங்கே விண்ணப்பித்தாலும் அடுத்துச் சொல்லப்போகும் சோதனையைச் செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீர்மின் பக்கம் ஒரு வரி: அணையும் கால்வாயும் கட்டுமானப் பொறியியல், டர்பைன் இயந்திரம், மின்னாக்கி மின்பொறியியல். தனிப் பட்டம் தேட வேண்டியதில்லை.

இப்போது சோதனை. இதற்குக் கால் மணி நேரம் போதும், காசு செலவில்லை. மலேசியாவில் பொறியாளர் என்று பதிவு செய்வது 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பொறியாளர் வாரியம், சுருக்கமாக பி.இ.எம். அதன் கீழ் இயங்கும் பொறியியல் அங்கீகார மன்றமான இ.ஏ.சி. ஏற்றுக்கொண்ட பட்டங்களின் பட்டியல் இணையத்தில் பொதுவில் இருக்கிறது. அதில் நான்கு விஷயங்களை ஒன்றாகப் பொருத்திப் பாருங்கள்: பல்கலைக்கழகத்தின் பெயர், வளாகம், பட்டத்தின் முழுப் பெயர், அங்கீகாரம் செல்லும் ஆண்டுகள். ஒரு சொல் மாறினாலும் அது வேறு பட்டம். ஒரு வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் மற்ற வளாகத்துக்குச் செல்லாது. புதிய பட்டமானால், முதல் அணி முடிக்கும் கட்டத்தில்தான் முழு அங்கீகாரம் வரும். முதல் அணியில் சேரும் பிள்ளை அந்த அபாயத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறது.

உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் அமைப்பான எம்.கியூ.ஏ.வின் பதிவேடு வேறு. பட்டத்தின் அங்கீகார எண்ணில் PA என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், FA என்றால் முழு அங்கீகாரம். கல்விக் கடனுக்கு இந்தப் பதிவேடு முக்கியம். ஆனால் அதில் பெயர் இருப்பதால் மட்டும் பொறியாளராகப் பதிய முடியும் என்று ஆகிவிடாது. ‘அறிவியல் இளங்கலை’ என்ற பெயரில் வரும் ஆற்றல் பட்டங்கள் எம்.கியூ.ஏ.வில் முழுமையாக இருக்கும், இ.ஏ.சி.யில் இருக்காது. கண்காட்சி மேசையில் ‘அங்கீகாரம் இருக்கு அம்மா’ என்று சொன்னால், ‘எந்த அங்கீகாரம், தம்பி?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

இ.ஏ.சி. ஏன் இத்தனை முக்கியம்? மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. இ.ஏ.சி. அங்கீகாரம் பெற்ற பட்டத்தைச் சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் தங்கள் பட்டத்துக்கு நிகராக ஏற்கும். உள்நாட்டில் முதலில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு, பிறகு குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம், தேர்வு, அதன்பின் ‘இர்.’ என்ற பட்டப்பெயர். பெரிய சோலார் திடலின் மின்வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறுப்பு இந்த வழியில் வந்தவருக்குத்தான். அந்த ஒரு கையெழுத்தில்தான் சம்பள வித்தியாசம் முழுவதும் இருக்கிறது.

பொறியியல் தொழில்நுட்பம் என்ற பட்டம் இதன் உடன்பிறப்பு, ஆனால் அதே ஆள் இல்லை. கையேட்டில் ‘தொழில்நுட்பம்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதன் அங்கீகாரம் தனி மன்றம், சர்வதேச ஏற்பு சிட்னி உடன்படிக்கை வழி, எம்.பி.ஓ.டி. என்னும் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தில் பதியலாம், அங்கே பட்டப்பெயர் ‘டி.எஸ்.’. கையால் செய்து கற்கும் பிள்ளைக்கு இது நல்ல பட்டம். களத்தில் கருவியை இயக்குவது, பரிசோதிப்பது, பராமரிப்பது ஆகியவற்றில் இவர்கள் கை தேர்ந்தவர்கள். தெரிந்து எடுத்தால் தவறே இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்து எடுத்துவிட்டு, நான்காம் ஆண்டில் ‘இர்.’ ஆக முடியாதா என்று கேட்கும் நிலைதான் வேதனை.

எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதமோ இயற்பியலோ சறுக்கிவிட்ட பிள்ளையை நாங்கள் இந்தத் துறையிலிருந்து விலக்கவில்லை. ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா படிக்கலாம். தேர்ச்சி நன்றாக இருந்தால் பட்டப் படிப்பில் பாடவிலக்குப் பெற்றுச் சேரலாம். அல்லது வேலையோடு ஆற்றல் ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ்களை எடுக்கலாம். முதலில் வயரிங் வேலை செய்யும் வயர்மேன், பிறகு மின்நிறுவலை இயக்கும் பொறுப்புள்ள சார்ஜ்மேன். சார்ஜ்மேனில் ஏ வரிசை 1,000 வோல்ட் வரை, பி வரிசை அதற்கு மேல். சோலார் திடல்கள் பல 11 அல்லது 33 கிலோவோல்ட்டில் இணைகின்றன. பி வரிசை சார்ஜ்மேன் இல்லாமல் அங்கே சுவிட்சைத் தொட முடியாது. சூரிய மின்சக்திக்கென, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான அரசு அமைப்பான செடா மலேசியா நடத்தும் குறும்பயிற்சிகளும் உண்டு: பொறியாளருக்கு வடிவமைப்பு, வயர்மேனுக்கும் சார்ஜ்மேனுக்கும் நிறுவுதலும் பராமரிப்பும். பெயர் மயக்கும் பட்டத்துக்குப் பதிலாக டிப்ளோமாவும் பி வரிசை சார்ஜ்மேனும் எடுத்த பிள்ளை முன்னதாகவே சம்பாதிக்கத் தொடங்கிவிடும். ஆனால் கூடுதல் கணிதத்தை நான்காம் படிவத்திலேயே கைவிடுவதை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். மின்சக்திப் பாடங்களில் பாதி சிக்கலெண்ணும் நுண்கணிதமும்தான். அந்த அடித்தளம் இல்லாத பிள்ளை முதலாண்டிலேயே தடுமாறும்.

கண்காட்சியில் கிடைக்கும் ஆலோசனைச் சேவையைப் பற்றி: விண்ணப்பம் நிரப்ப, ஆவணம் சரிபார்க்க, கல்விக் கடன், உபகாரச் சம்பளத் தேதிகளை நினைவூட்ட அது மிகவும் உதவும். அதற்காகப் போங்கள். பாடத்திட்டம் பற்றிய ஆலோசனைக்கு அந்த மேசையை நம்ப வேண்டாம். உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் சந்தைப்படுத்தும் பிரிவைச் சேர்ந்தவர். மேசையில் கேட்டால் பதில் வராத கேள்விகளை எழுதிக்கொண்டு, துறைத் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘இன்று பதிந்தால் பதிவுக் கட்டணம் தள்ளுபடி, மடிக்கணினி இலவசம்’ என்றால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். அங்கீகாரப் பட்டியலைப் பார்க்காமல் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது குதிரைக்கொம்பு. கட்டணத்தைக் கேட்கும்போது ஆண்டுக் கட்டணத்தோடு நிறுத்தாமல், ஆய்வகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தங்கும் விடுதி, தோற்ற பாடத்தைத் திரும்ப எடுக்கும் கட்டணம் ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். தோற்ற பாடக் கட்டணத்தை யாரும் கேட்பதில்லை. பொறியியலில் அதுதான் அதிகம் தேவைப்படும்.

தொழிற்பயிற்சியையும் விசாரியுங்கள். இ.ஏ.சி. கேட்பது குறைந்தது எட்டு வாரம். எட்டு வாரத்தில் ஒரு சோலார் திடலின் பரிசோதனைப் பணியையோ பயோகேஸ் தொட்டியின் ஒரு சுற்றையோ முழுதாகப் பார்க்க முடியாது. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் தரும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுங்கள். இடம் தேடித் தருவது யார், பல்கலைக்கழகமா, மாணவரா? மாணவர்தான் என்றால், ஈப்போவில் சொந்தம் பந்தம் இல்லாத தோட்டத்துப் பிள்ளை கடைசியில் ஒரு கணினிக் கடையில் எட்டு வாரத்தைக் கழித்துவிட்டு வரும்.

கடைசியாக, திறந்தநாள் என்று ஒன்று வைப்பார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வரவேற்பறையில் நிற்காமல் மின்சக்தி ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்குள்ள தொழில்நுட்ப உதவியாளரிடம் ஒரு மேசைக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். மூன்று, நான்கு என்றால் நல்லது. எட்டு, பத்து என்றால் இரண்டு பேர் வயரைத் தொடுவார்கள், மற்றவர்கள் அறிக்கையைப் பார்த்து எழுதுவார்கள். ரிலே பரிசோதனைக் கருவி இருக்கிறதா, அதன் மீது தூசி எவ்வளவு என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். பல்கலைக்கழகக் கூரையில் சோலார் பேனல் இருந்தால், அதன் அன்றாட உற்பத்திப் பதிவை மாணவர்கள் திறந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், நேற்றைய வரைகோட்டை அங்கேயே திரையில் காட்டச் சொல்லி, மேகம் கடந்த நேரத்தில் கோடு ஏன் அப்படிச் சரிந்தது என்று உங்கள் பிள்ளைக்கு விளக்கச் சொல்லுங்கள்.